மைக் மேல் உட்கார்ந்திருக்கும் நண்பர்

போன மாதம் ஒரு காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். செல்வியிடமிருந்து போன் வந்தது. நான் வேலை பார்த்த துறைமுகச் சிக்னல் ஸ்டேஷனில் இப்போது டூட்டி பார்க்கிற பெண் அவள். ஊர் ஏரல். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற மாதிரி இருந்தா சிரிப்பேன். கேளு."

முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் கடலில் நின்ற படகுகள் ஒவ்வொன்றாக ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கின்றன. வானத்தில் ரயில் போகிறது, விளக்கெல்லாம் வரிசையாக எரிகிறது, அது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். செல்வி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். நிஜமாகவே ஒரு வரிசை வெளிச்சம் சத்தமில்லாமல் கடல் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்ததாம். பிறகுதான் அது ஏதோ ஒரு கம்பெனி கொத்தாக அனுப்பிய செயற்கைக்கோள்கள் என்று செல்போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"அது தெரியுததுக்கு முன்னால நான் ஒரு காரியம் பண்ணிட்டேன் அண்ணாச்சி. மைக்கை எடுத்துக் கூப்பிட்டுட்டேன்."

"யாரை?"

"மேல போனவனைத்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "நீங்க இத்தனை வருஷம் காத்தைக் கேட்டுட்டே இருந்தவரு. உண்மையைச் சொல்லுங்க. மேல அறிவுள்ளவன் எவனாவது இருக்கானா?"

கீழேயே அப்படி ஒருவனைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. அன்று துணியை அப்படியே போட்டுவிட்டு அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திரேஸ்புரத்துக்காரன். அப்பா, சித்தப்பா எல்லோருக்கும் கடல்தான் பிழைப்பு. எனக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். அதனால் படிக்கப் போட்டார்கள். ஒயர்லெஸ் பரீட்சை எழுதினேன், இரண்டாவது தடவையில் தேறினேன், சிக்னல் ஸ்டேஷனில் வேலை கிடைத்தது. கடலைக் காதால் மட்டும் பார்க்கிற வேலை எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது.

அங்கே எனக்கு மேலதிகாரி ஞானமுத்து சார். நாசரேத் ஊர்க்காரர், சுத்தமான புரொட்டஸ்டண்ட், மாதாவுக்கு ஜெபமாலை சொல்லாத சபை. தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். அவர் "வாங்க சேவியர்" என்று அழைத்தால் நான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறேன். "வாலே" என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒரு கப்பலைக் கூப்பிட்டால் உடனே வாயை மூட வேண்டும் என்பது முதல் சட்டம். புது ஆட்கள் பதில் வரவில்லை என்றால் பதறிப்போய்த் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். சார் மைக்கைப் பிடுங்கிக்கொள்வார். "அவன் பேச எடம் விடுங்க. நீங்களே பேசிட்டிருந்தா அவன் எங்கன பேசுவான்?"

இரண்டாவது சட்டம் இரைச்சலைப் பற்றியது. ஒயர்லெஸ் செட்டைத் திறந்து வைத்தால் ஓயாமல் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே இருக்கும். அதை அடைக்க ஒரு திருகு உண்டு. மற்ற ஷிஃப்டுக்காரர்கள் அதைத் திருகி வைத்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிப்பார்கள். சார் வந்தவுடன் திறந்துவிடுவார். எங்கோ ஒருவன் மைக் பொத்தானை அமுக்கினால், அவன் பேசுவதற்கு முன்பே அந்த இரைச்சல் அடங்கும். தூரத்திலிருந்து வருகிற பலவீனமான சிக்னல் திருகைத் தாண்டாது, ஆனால் இரைச்சலை லேசாக அடக்கும். அதைக் கேட்கத்தான் சம்பளம் என்பார். அவரோடு ஒரு ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போனால், என் பெண்டாட்டி மீன் பொரிக்கிற சத்தத்தில்கூட நான் ஆள் தேடிக்கொண்டிருப்பேன்.

சில நாள் இரைச்சல் அடங்கும், அடங்கியே கிடக்கும், பேச்சே வராது. ஏதோ ஒரு படகில் மைக்கைப் பலகையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பான் மனுஷன். பொத்தான் அவன் பாரத்தில் அமுங்கியிருக்கும். பதினாறாவது சானல் ஆபத்துக்கு என்று எல்லோரும் திறந்து வைத்திருக்கிற சானல், அதுவே அடைபட்டுப்போகும். சார் அதற்கென்று ஒரு வாசகம் வைத்திருந்தார். பாட்டரி பலமாக உள்ள எங்கள் செட்டில், திருத்தமான தமிழில் அறிவிப்பார்: "மைக் மேல் உட்கார்ந்திருக்கும் நண்பர் தயவுசெய்து எழுந்திருக்கவும்." கடலில் எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் எழுந்து தம் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்திருப்பார்கள்.

சாருக்கு இன்னொரு தலைவலி ஜெபமாலை. எங்கள் கத்தோலிக்க ஆட்கள் கடலில் இருந்தாலும் பொழுது சாய்ந்தால் ஜெபமாலை சொல்ல வேண்டும். ஒயர்லெஸ் வந்த பிறகு படகுக்குப் படகு தனியாகச் சொல்வானேன் என்று சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் மாதாவை வாழ்த்துகிற மங்கள வார்த்தை ஜெபத்தின் முந்தின பாதியைச் சொல்லிப் பொத்தானை விடுவார். மற்ற படகுகள் பிந்தின பாதியைச் சொல்லும். எல்லோரும் ஒரே நேரத்தில் அமுக்குவதால் கிறீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். மாதாவுக்குப் புரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படிப் பத்து சொல்லிக் கொஞ்சம் நிறுத்துவார்கள், பிறகு பரலோக மந்திரம், மறுபடியும் பத்து. இதையெல்லாம் பதினாறாவது சானலில்.

முந்தின பாதி சொல்கிறவர் பெரும்பாலும் என் லூர்து மச்சான், பிலோமி அக்காவின் வீட்டுக்காரர். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போகிற தோணிக்குத் தண்டல் அவர், அதாவது தோணியின் தலைவர். அவருக்கு வாய் ஓயாது. சாப்பிடும்போதும் பேசுவார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் கெஞ்சியிருக்கிறார். ஒயர்லெஸ்ஸில் "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தையில் முடிய வேண்டியதை மாலத்தீவில் வாங்கிய மாசிக் கருவாட்டில் ஆரம்பிப்பார்.

"உங்க மச்சான் ஜெபம் பண்ணுதது சரி, சேவியர்," என்றார் சார் ஒருநாள். மரியாதை ஏறியிருந்தது. "ஆனா அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவுல பதினாறாவது சானல் எதுக்கு?"

நான் சொல்லிப் பார்த்தேன். "மைக்கை அமுக்காம சொன்னா சொன்ன மாதிரியே இல்லலே," என்றுவிட்டார் மச்சான்.

அப்படி இருக்கையில் ஒரு கார்த்திகை மாதம் அவருடைய தோணி மாலத்தீவிலிருந்து திரும்ப வேண்டிய நாளில் திரும்பவில்லை. வாடைக் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது செல்போன் கிடையாது. தோணி எங்கே நிற்கிறது என்று காட்டுகிற திரையும் கிடையாது. நாங்கள் விடாமல் கூப்பிட்டோம். கூப்பிட்டோம், வாயை மூடினோம், கேட்டோம். இரைச்சல்தான்.

மறுநாள் மதியம் அக்கா துறைமுக வாசலுக்கே வந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். அழவில்லை, ஆனால் கண் வீங்கியிருந்தது.

"ஏலே சேவியர், ஒண்ணுமே கேக்கலையா?"

"இன்னும் இல்லக்கா. கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கோம்."

"அவரு வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டாரேலே. பேச்சு வரலன்னா ஆளு இல்லன்னுதானே அர்த்தம்?"

நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததையே அவளும் சொல்லிவிட்டாள். அவளை வாசல் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

நான் உள்ளே நுழைந்தபோது சார் செட்டின் முன்னால் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரைச்சல் லேசாக அடங்கியிருந்தது. பேச்சு இல்லை. கொஞ்சம் கழித்து மறுபடி இரைந்தது. மறுபடி அடங்கியது.

"எவனோ மைக் மேல உக்காந்து ஆடுதான்," என்றார். "படகு ஆட்டத்துல அமுங்கி அமுங்கி விடுது." வழக்கமான வாசகத்தை அறிவித்தார். நண்பர் எழுந்திருக்கவில்லை.

வேறு வழியில்லாமல் நானும் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். இரைச்சல் அடங்கும். கொஞ்ச நேரம் வெறுமை. பிறகு இரையும். அடங்குகிற நேரமும் இரைகிற நேரமும் ஏறத்தாழ ஒரே நீளம். எங்கேயோ கேட்ட பாட்டின் தாளம் போல அது என் மண்டையைக் குடைந்தது. திடீரென்று அது நின்றது. சரி, எழுந்துவிட்டான் போலிருக்கிறது என்றார் சார். நின்ற பிறகு நீளமாக ஒரு தடவை அடங்கியது. பிறகு மறுபடியும் பழையபடி ஆரம்பித்தது.

என் உதடு தானாக அசைந்தது. அடங்கியபோது முந்தின பாதியை வாய்க்குள் சொன்னேன். சரியாக முடிகிற இடத்தில் இரைச்சல் வந்தது. பிந்தின பாதியைச் சொன்னேன். முடித்தவுடன் அடங்கியது. கையை மடக்கி எண்ணினேன். பத்து. பத்தாவது முடிந்ததும் நின்றது. பிறகு அந்த நீளமான ஒன்று, பரலோக மந்திரத்தின் அளவுக்கு.

"சார்! இது ஜெபமாலை!"

"என்னது?"

"எவரோ ஜெபமாலை சொல்லுதாரு. பேச்சு வரல, ஆனா அமுக்கிச் சொல்லுதாரு. பதிலுக்கு எடம்கூட விடுதாரு சார்!"

நாசரேத்துக்காரருக்கு ஜெபமாலையின் அளவு எங்கிருந்து தெரியும்? அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தள்ளிவிடவில்லை. நாற்காலியை எனக்குத் தள்ளினார். "ஒழுங்கா வருதுங்கியதால மட்டும் மனுஷன்னு சொல்ல முடியாதுலே. அலைகூட ஒழுங்காத்தான் வருது. பம்பு வயர் எங்கனயாவது உரசினாலும் இப்படி வரும். நாம பேசினதைக் கேட்டு அது மாறணும். அப்பத்தான் ஆளு. நீ பிந்தின பாதியைச் சொல்லு."

"பதினாறுலயா சார்?"

"பதினாறுலதான். சொல்லுலே."

மைக்கை வாங்கினேன். இரைச்சல் எழும்புவதற்குக் காத்திருந்து, எழும்பியவுடன் பொத்தானை அமுக்கி, சிறு வயதிலிருந்து எத்தனையோ ஆயிரம் தடவை அரைத்தூக்கத்தில் சொன்ன அந்தப் பிந்தின பாதியை முதல் தடவையாக முழு விழிப்போடு சொன்னேன். பொத்தானை விட்டேன்.

இரைச்சல். இரைச்சல் மட்டும். அடங்க வேண்டிய இடத்தில் அடங்கவில்லை.

சார் என் தோளில் கை வைத்தார்.

அப்போது ஆரம்பித்தது. டக், டக், டக்டக்டக் என்று ஒரு அளவும் இல்லாமல், தாளமும் இல்லாமல், குழந்தை கதவைத் தட்டுகிற மாதிரி இரைச்சல் அறுந்து அறுந்து வந்தது. பத்து என்கிற கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. சார் கையைத் தட்டிக் குதித்தே விட்டார். "ஒழுங்கு கெட்டுட்டுலே! ஆளுதான்! ஆளுதான்!" அவர் குரல் ஏறி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

பிறகு நடந்ததெல்லாம் சாரின் வேலை. மைக்கை வாங்கி நிதானமாகச் சொன்னார். "உங்கள் பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. ஆமாம் என்றால் ஒரு முறை அமுக்கவும். இல்லை என்றால் இரண்டு முறை. நீங்கள் லூர்து தண்டலா?"

டக்டக்டக்டக்டக்டக்.

"ஒரு முறை போதும்," என்றார் சார். எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஒரு முறை போதும் என்று உலகத்தில் யாருக்குச் சொல்ல வேண்டியிருக்கும், என் மச்சானைத் தவிர?

எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா? டக். இயந்திரம் ஓடுகிறதா? டக் டக். கரை தெரிகிறதா? டக். திருச்செந்தூர் கோபுரம் தெரிகிறதா? டக். மணப்பாட்டுக் கோயில்? டக். சார் வரைபடத்தை விரித்தார். திசைகாட்டியில் கோபுரம் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று ஒவ்வொரு இலக்கமாக அமுக்கச் சொன்னார், சைபருக்கு நீளமாக ஒன்று. மணப்பாட்டுக்கும் அப்படியே. மச்சான் நடுவில் உற்சாகத்தில் கூட இரண்டு அமுக்கினார் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். இரண்டு கோடும் வரைபடத்தில் வெட்டிக்கொண்ட இடத்தில் சார் பென்சிலை ஊன்றினார். மணப்பாட்டுப் பாறைக்கு வெகு பக்கம். வாடை அதன் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தது.

துறைமுகத்திலிருந்து இழுவைக் கப்பல் கிளம்பியது. அது போய்ச் சேருமுன் ஆலந்தலை வள்ளக்காரர்கள், எங்கள் கூப்பாட்டைக் கேட்டு, அந்தக் காற்றிலும் போய்க் கயிறு போட்டுத் தோணியைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். நான் ஓடிப்போய்த் தேநீர்க் கடையில் அக்காவிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகுதான் அழுதாள். "எப்படிலே தெரிஞ்சுது?" என்றாள். "ஜெபமாலை சொன்னாருக்கா." "அவரு சத்தமே வரலன்னியே?" "சத்தமில்லாமத்தான் சொன்னாரு." அக்காவால் அதை மட்டும் நம்ப முடியவில்லை.

மறுநாள் தோணியை இழுத்து வந்து கட்டியபோது நானும் சாரும் துறையில் நின்றோம். மச்சான் பலகையில் கால் வைத்தது முதல் பேசிக்கொண்டே இறங்கினார். உப்புத் தண்ணீர் ஏறி மைக்கின் வாய் செத்துப்போனது, நாங்கள் கூப்பிடுவது அவருக்குக் கேட்டது, அவர் கத்துவது எங்களுக்குக் கேட்கவில்லை என்று எல்லாம் சொன்னார்.

"நல்ல யோசனை செஞ்சீங்க," என்றார் சார். "ஜெபமாலையா அமுக்கினா எங்களுக்குப் புரியும்னு எப்படித் தோணிச்சு?"

மச்சான் சாரை வினோதமாகப் பார்த்தார். "உங்களுக்கா? உங்களுக்கு யாரு சொன்னா? பேசிப் பேசி ஓஞ்சு போய், இனி மாதாதான் கதின்னு அவளுக்குலா சொன்னேன். ஜெபமாலைன்னா கை தானா மைக்கை அமுக்கும், அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பி, "அப்புறம் என்னலே நீ, பிந்தின பாதியில பாதியை முழுங்கிட்ட?" என்றார்.

அன்று ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியெல்லாம் சார் சிரித்துக்கொண்டே வந்தார். "நமக்கு அனுப்பினதை நாம கேக்கலலே. வேற ஒரு ஆளுக்கு அனுப்பினதைக் கேட்டிருக்கோம்," என்றார்.

அதற்கப்புறம் மாலை ஜெபமாலைக்கு அவரே ஒரு தனி சானலை ஒதுக்கிக் கொடுத்தார். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நான் கொஞ்சம் முன்னதாக டூட்டிக்குப் போனேன். பக்கத்து அறையில் பழைய செட்டில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது, மச்சானின் குரல். அவர் முந்தின பாதியை முடித்தபோது, சார் மைக்கைக் கையில் எடுத்து, வாயை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். பிந்தின பாதியின் நீளத்துக்கு அமுக்கி வைத்திருந்து, பிறகு கையை எடுத்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க சபையில இதைச் சொல்லுதது இல்ல, சேவியர்," என்றார், மரியாதை ஏறிய குரலில். "அமுக்குததுக்குத் தடை ஒண்ணும் இல்ல."

அவர் இப்போது இல்லை. மச்சான் இருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறார்.

வானத்தைப் பற்றிச் செல்வி கேட்டதற்கு நான் சொன்ன பதில் இதுதான். பெரிய பெரிய ஏரியல்களை வைத்து விஞ்ஞானிகள் நட்சத்திரங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இதுவரை ஒன்றும் வரவில்லை என்று பேப்பரில் படிக்கிறேன். இருக்கலாம். ஆனால் அங்கே எவனோ ஒருவன் தன் சாமிக்கு என்னத்தையோ அமுக்கிச் சொல்லிக்கொண்டிருக்க, நாம் எல்லோரும் நாசரேத்துக்காரர்களாக உட்கார்ந்து, மைக் மேல் இருக்கிற நண்பரை எழுந்திருக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இருக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது. பேச்சு வராவிட்டால் ஆள் இல்லை என்று ஒரு மத்தியானம் நான் நம்பியிருந்தேன், அந்த ஆள் போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அதனால நீ கூப்பிட்டதுல தப்பே இல்ல," என்று செல்வியிடம் சொன்னேன். "கூப்பிட்டியே, அப்புறம் வாயை மூடினியா?"

போனில் பதில் இல்லை. கோடு அறுந்துவிட்டதா என்று செல்போனைத் திருப்பிப் பார்த்தேன். அறுபடவில்லை. லேசான இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. காதை இறுக்கி வைத்தேன்.

"ஏளா செல்வி, இருக்கியா?"

டக் என்று ஒரே ஒரு தடவை, நகத்தால் போனைத் தட்டுகிற சத்தம் கேட்டது.